ஏழாம் சட்டி மண்

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் எழுதுவதைத் தவிர வேறு எழுத்து பழகாதவன். உங்களுக்கு எழுத உட்கார்ந்ததே அதிகப்பிரசங்கித்தனம்தான்... பொறுத்துக்கொள்ளுங்கள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஏழாம் சட்டியின் மண்ணை மாற்றியவன் நான்.

அந்த ஏழாம் மனையில்தான் லூர்து மேரி இன்று குடியிருக்கிறாள்.

ஒரகடம் போகும் சாலையில் எங்கள் கோயிலுக்குப் பின்னால் தோல் பதனிடும் கிடங்கு ஒன்று இருந்தது. அதை மூடிப் பல வருடம் ஆகியும் அங்கே புல் முளைக்கவில்லை. மழை பெய்தால் பச்சையாக நீர் தேங்கும். அந்த நிலம் கோயில் பங்குக்குக் கிடைத்தபோது, வாடகைக் குடிசைகளில் இருந்த பன்னிரண்டு குடும்பங்களுக்கு மனையாகப் பிரித்துக் கொடுக்கப் பங்குச் சாமியார் முடிவு செய்தார்.

முழங்கால் ஆழத்துக்குக் கெட்ட மண்ணை வெட்டி, சிமெண்டுக் குழியில் போட்டு மூடினோம். அதன் பிறகு ஒவ்வொரு மனையின் அடிமண்ணிலும் ஒரு சட்டி எடுத்துப் பச்சைப்பயறு விதைத்தோம். பயிர் முளைத்து நின்றால் மேலே ஏரி வண்டல் கொட்டி வீடு கட்டலாம். இதுதான் சோதனை. முளைக்காவிட்டால் அந்த மனை கிடையாது என்றுதான் நான் நினைத்திருந்தேன். நான் கோயில்பிள்ளை. மணி அடிப்பவன், கோயில் கூட்டுபவன். சட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பும் எனக்கே வந்தது.

பதினொரு சட்டியில் முளைத்தது. ஏழாவதில் இரண்டே பயிர் தலைநீட்டி, மஞ்சளாகிச் சுருண்டது. தோலை ஊறவைத்த தொட்டி இருந்த இடம் அது.

சீட்டுக் குலுக்கியதில் அந்த மனை லூர்து மேரிக்கு விழுந்திருந்தது. பெங்களூர் ரோட்டில் போல்ட் கம்பெனியில் வேலை பார்க்கும் விதவை. குடிசையின் சொந்தக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். "மனை கெடைக்கலன்னா திண்டிவனத்துக்கு எங்கண்ணன் வூட்டுக்கே போய்டுவேன்" என்று அவள் சொன்னதை நான் கேட்டிருந்தேன்.

அவள் மேல் இரக்கப்பட்டா செய்தேன்? அப்படித்தான் வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய்! அவள் போய்விடக் கூடாது என்றுதான் செய்தேன். ஞாயிறு பூசையில் மூன்றாவது வரிசையில், முக்காடு சரிய நின்று பாடுவாளே... அது இல்லாமல் போய்விடக் கூடாது என்று. என்னை "அண்ணா" என்றுதான் கூப்பிடுவாள். அதற்கு மேல் நானும் எதுவும் கேட்டதில்லை.

அந்தச் சட்டியைக் கொட்டிவிட்டுக் கோயில் தோட்டத்து மண்ணை நிரப்பினேன். மற்றச் சட்டிகளிலிருந்து பயிரைப் பிடுங்கி நட்டேன்.

சாமியார் வந்து பார்த்தார். சந்தோஷத்தில் சிரித்தார். "எல்லாமே மொளைச்சிடுச்சே! ஒண்ணு ரெண்டு தவறும்னு நெனச்சேன். தவறினா இன்னா, இன்னும் ரெண்டடி தோண்டிட்டுப் போறோம். மனை கெடச்ச யாரையும் வுட்டுட மாட்டேன்" என்றார்.

இரண்டடி... அவ்வளவுதான்! என் வாய்க்குள் நாக்கு இருந்தது. நான் ஊமை இல்லை. ஆனால் பங்கு மக்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். அவளும் நின்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மண்ணை மாற்றியதைவிட இந்த மௌனம்தான் என் பெரிய பாவம்.

வீடு எழும்பி நான்கு வருடம் ஆகிறது. அவள் எதை நட்டாலும் ஒரு முழம் வளர்கிறது. வேர் வண்டலைத் தாண்டியதும் கருகுகிறது. அவரை போயிற்று, மல்லி போயிற்று, கறிவேப்பிலையும் போயிற்று.

"உன் கை பட்டா பிளாஸ்டிக் பூ கூட வாடிடும்டி!" என்று பக்கத்து வீட்டு ஞானம்மா கேலி செய்வாள்.

"ஆமாக்கா, எனுக்குக் கைராசியே கெடையாது. கட்னவனே நிக்கல, கறிவேப்பிலையா நிக்கப் போவுது?" என்று இவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பை நீங்கள் கேட்டதில்லை. நான் கேட்டிருக்கிறேன்.

மழைக்காலத்தில் பின்வாசலில் நடந்தால் பாதம் எரிகிறது என்று ஒருமுறை சொன்னாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? பெரும்புதூர் போய் ரப்பர் செருப்பு வாங்கி வந்து கொடுத்தேன்! உண்மையைக் கொடுக்காமல் செருப்பைக் கொடுத்தேன். அவள் அதைக் கழுவிக் கழுவிப் போட்டுக்கொண்டாள்.

போன ஞாயிறு பூசை முடிந்ததும், சொல்லியே தீருவதென்று அவள் வீட்டுக்குப் போனேன். முருங்கைக் கொம்பு ஒன்றோடு வாசலுக்கு வந்தாள்.

"வாங்கண்ணா, நல்ல நேரத்துல வந்தீங்க. இத்த நீங்களே நட்டுக் குடுங்க. அன்னிக்குச் சட்டில அப்டி மொளைக்க வெச்சீங்களே! என் கை தான் ஆவாத கை."

"மேரிம்மா... கை இல்ல. மண்ணு..." என்றேன்.

"மண்ணுக்கு இன்னாண்ணா கேடு? ஞானம்மாக்கா வூட்ல பூசணி கூரைக்கே ஏறிக்கினு கீது. நீங்க நடுங்க, நான் தண்ணி கொண்டாறேன்."

அவள் உள்ளே போனாள். நான் கடப்பாரையால் தோண்டினேன். ஒரு முழத்தில் வண்டல் தீர்ந்தது. அதன் கீழே பச்சை படிந்த அந்தப் பழைய மண்... நாற்றம்கூடப் போகவில்லை. குடத்தோடு அவள் வரும் காலடி கேட்டது. பார்க்கட்டும் என்று விட்டிருக்கலாம் அல்லவா? கேளுங்கள், நீங்களாவது கேளுங்கள்!

அவசரமாகக் கொம்பை வைத்து மண்ணைத் தள்ளி மூடிவிட்டேன்.

மறுநாள் திங்கட்கிழமை. அவள் காலை ஷிப்டுக்குப் போயிருந்தாள். நான் போய்க் கொம்புக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தேன்.