பெரட்டுக்குப் பிந்தி வந்த டீச்சர்

இப்போது நான் படிப்பிக்கும் பாடசாலையில் மழை பெய்தால் உள்ளே சத்தமே கேட்காது. கொங்கிரீட் கூரை. பிள்ளைகளும் நல்ல பிள்ளைகள்தான். கேட்டதற்குப் பதில் சொல்வார்கள், மணியடித்தால் வரிசையாகப் போவார்கள். இடமாற்றம் வேண்டும் என்று அலையாத இடமெல்லாம் அலைந்து வாங்கியவள் நான்தான். வாங்கிக்கொண்டு வந்த பிறகு, லிந்துலைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டப் பாடசாலையின் தகரக் கூரைக்கு ஏங்குகிறேன். இக்கரைக்கு அக்கரை பச்சை என்று யாரும் சொல்லிவிட்டுப் போகட்டும். எனக்கு வேண்டியது பச்சை அல்ல, என்னுடைய தரம் பதினொன்றுப் பிள்ளைகள்.

அங்கே மழை பிடித்தால் பாடம் நடத்த முடியாது. தொண்டை கிழியக் கத்தினாலும் முன்வாங்கில் இருப்பவளுக்கே கேட்காது. சாதாரண தரப் பரீட்சைக்கு லீவு விடும் முன் வந்த கடைசி வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் ஊற்றியது. அன்றைக்குப் பழைய வரலாறு வினாத்தாள் முழுவதையும் ஒரு மூச்சில் செய்து முடித்துவிடுவது என்று நான் கங்கணம் கட்டியிருந்தேன். அதிபர் கூப்பிட்டு ஏதோ கேட்டதில் வகுப்புக்குப் போகக் கொஞ்சம் பிந்திவிட்டது.

வாசலில் என்னை மறித்துக்கொண்டு ஒருத்தி நின்றாள். வகுப்பிலேயே கெட்டிக்காரி. யாரோ ஒரு பையனின் பெரிய ஜெர்சியை மாட்டி, கைகளை மடித்துவிட்டு, கக்கத்தில் குடையை இடுக்கியிருந்தாள். உள்ளே மற்றப் பிள்ளைகள் மேசைகளை ஒதுக்கிவிட்டுத் தலையில் சால்வையும் துவாயுமாக வரிசையில் நின்றார்கள்.

"நேரம் என்ன? பெரட்டு கலைஞ்சுபோச்சு. இன்னைக்கு ஒனக்கு வேல இல்ல, வீட்டுக்குப் போ" என்றாள்.

ஒரு கணம் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பிறகுதான் விளங்கியது. பெரட்டு என்றால் காலையில் தொழிலாளர்களை ஒன்றுசேர்த்து, இன்னாருக்கு இன்ன மலை என்று வேலை பிரிக்கிற இடம். பிந்திப் போனால், வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு திருப்பி அனுப்பிவிடுவார். இவள்தான் இன்றைக்குக் கண்டாக்கு. பிந்தி வருகிறவர்களை நான் வருடம் முழுக்க அந்த வாசலிலேயே நிறுத்தித் திட்டியிருக்கிறேன். வட்டியும் முதலுமாகத் திருப்பித் தருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

"மன்னிச்சிருங்க ஐயா, நாளையில இருந்து வெள்ளன வந்துருவேன்" என்றேன்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. மழையையும் மீறிக் கேட்டது அந்தச் சிரிப்பு.

அதற்குப் பிறகு வரலாறாவது வினாத்தாளாவது. என் இடுப்பில் ஒரு பொலித்தீன் படங்கைச் சுற்றிக் கட்டினார்கள். முதுகில் ஒரு புத்தகப்பை, அதுதான் கூடை. நான் ஒழுங்காக அடுக்கிக் கொண்டுவந்த வினாத்தாள்களைக் கிழித்து வாங்குகள்மேல் பரப்பினார்கள், அதுதான் கொழுந்து. வயிறு எரிந்தது. ஆனாலும் பறித்தேன். ஒரு கை நிறைய அள்ளிப் பைக்குள் போட்டதுதான் தாமதம், "ஐயோ, டீச்சர் பொலி சொல்லல!" என்று ஒரே கூச்சல்.

நான் தலவாக்கலை டவுனில் பிறந்தவள். மலையில் முதல் பிடிக் கொழுந்தைக் கூடையில் போடும்போது "பொலி, பொலி" என்று சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் கொழுந்து பொலியாது என்பதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? கண்டாக்கு என் பையைக் கவிழ்த்து எல்லாவற்றையும் கீழே கொட்டினாள். "திரும்ப எடு. டவுன்ல இருந்து வந்தா சம்பிரதாயம் இல்லையோ?" நான் பொலி சொல்ல, வகுப்பு முழுவதும் சேர்ந்து சொன்னது. பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலில் தொற்றிக்கொண்டு பார்த்தார்கள். அதிபரும் வந்து எட்டிப் பார்த்தார். என் கோலத்தைக் கண்டு வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்.

அவ்வளவு சிரிப்புக்குள்ளும் எனக்குக் கண்டாக்காக நின்ற அந்தப் பிள்ளை மேல்தான் கண். அதற்கு முந்தின கிழமை என்னிடம் வந்து, "பரீட்ச எழுத வருவேனான்னு தெரியல டீச்சர்" என்று சொல்லியிருந்தாள். அவளுடைய அம்மாவுக்குக் குவைத்தில் வேலைக்குப் போக விசா வந்துவிட்டது. அப்பா கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை, தீபாவளிக்குத்தான் வருவார். தம்பிக்கு இப்போதுதான் நடை பழகுகிறது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் விடலாம் என்றால், தோட்டத்தில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளைத்தான் எடுப்பார்கள். நான் அவளோடு சண்டை பிடித்தேன், வராமல் இருந்து பார் என்று மிரட்டினேன். பிறகு நானே போய் அவர்களுடைய லயத்து வரிசை வீடுகளில் ஒரு அக்காவைப் பிடித்து, பரீட்சை நாட்களில் மட்டும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சம்மதிக்க வைத்தேன். அவள் பரீட்சை எழுத வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

மழை கொஞ்சம் விட்டதும் கண்டாக்கு கதிரையில் ஏறி நின்றாள். நாளைக்கு யாருக்கு எந்த மலை என்று வேலை பிரிக்கப் போகிறாளாம்.

"நீ நுவரெலியா ஆஸ்பத்திரி மலை. நர்ஸ் உடுப்பு வெள்ளையா இருக்கணும், சாயம் படக்கூடாது. நீ கெம்பஸ் மலை. நீ கிரவுண்டு மலைக்குப் போ, பந்து பொறுக்கத்தான் நீ லாயக்கு." ஒவ்வொருத்தரின் ஆசையும் அவளுக்கு மனப்பாடம். யாரையும் விடவில்லை. கடைசியில் என் பக்கம் திரும்பினாள். "டீச்சர், நீங்க இந்த மலையிலேயே நில்லுங்க. வேற மலைக்குப் போகக்கூடாது, சொல்லிட்டேன்." தான் கண்டாக்கு என்பதை மறந்து, எனக்கு மரியாதை கொடுத்துப் பேசிவிட்டாள்.

பின்வாங்குப் பையன் ஒருவன் கேட்டான். "ஐயா, ஒங்களுக்கு எந்த மல?"

"கண்டாக்குக்கு ஏதுடா மல? எல்லாரையும் அனுப்பிட்டு நான் லயத்துக்குப் போயிருவேன்."

"கண்டாக்கு லயத்துல இருக்கமாட்டாரு, குவாட்டர்சுக்குப் போகணும்!"

"எனக்கு இன்னும் குவாட்டர்ஸ் குடுக்கலடா" என்று குடையால் அவனை அடிக்கப் போனாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பரீட்சை தொடங்கிய அன்று தலவாக்கலையில் பரீட்சை நிலையத்தின் வாசலில் போய் நின்றேன். என் பிள்ளைகள் பஸ்ஸை விட்டு இறங்கி ஒவ்வொருவராக வந்தார்கள். அவள் வரவில்லை. "தம்பிக்கு சரியான காய்ச்சல் டீச்சர். அவள விட்டு எறங்கவே மாட்டேங்கிறான்" என்றாள் கூட வந்தவள். அடுத்த நாளும் வரவில்லை. முதல் பாடம் விட்டுப்போன பிறகு மற்றதை எழுதி என்ன என்று அவளே முடிவு கட்டியிருக்கிறாள்.

வரலாறு பரீட்சை முடிந்த மறுநாள் லயத்துக்கு ஏறிப் போனேன். வீட்டுக் காம்பராவுக்குள் தம்பியை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தாள், நான் வேண்டாம் என்றேன். அடுத்த வருடம் வெளியில் இருந்து விண்ணப்பித்து எழுதலாம் என்று சொன்னேன். "அம்மா வரட்டும் டீச்சர்" என்றாள். அம்மா வர இரண்டு வருடமாவது ஆகும். அதற்குள் நான் அந்த மலையை விட்டே வந்துவிட்டேன்.

"வரலாறு எப்படி டீச்சர் வந்துச்சு?" என்று கேட்டாள்.

"ரொம்பக் கஷ்டம்டி. எல்லாரும் மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு வந்தாளுக."

அவள் சிரித்தாள். "சும்மா சொல்லாதீங்க டீச்சர். அவளுக நேத்தே பேப்பரக் கொண்டாந்து காட்டுனாளுக. இவன மடியில வச்சுக்கிட்டே செஞ்சு பாத்தேன். ஒரு கேள்வி விடல, எல்லாம் சரி."

எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்துத்தான் அதைச் சொன்னாள்.