இடது கைப் பக்கத்து வடக்கு

நாற்பத்து மூன்று வயதில், பட்டப்பகலில், கையில் திசைகாட்டியுடன் இரண்டு மணி நேரம் மலையில் நடந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தவன் நான். வந்து சேர்ந்தது அதே இடம் என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. அதையும் இன்னொருவர்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த இன்னொருவர் அக்காவின் கணவர், என் அத்திம்பேர். கல்பாத்தி ஆற்றில் தினம் குளித்துக்கொண்டே தெற்கில் நீலமாகத் தெரியும் மலையைப் பார்ப்பவர். ஐம்பது வயதுவரை அதன் அடிவாரத்தை மிதிக்காதவர். நானோ, மலையேற்றம் பற்றி வாசகசாலையில் இருந்த புத்தகங்களையெல்லாம் படித்தவன். பனிச்சரிவில் அகப்பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் உடனே சொல்வேன். அந்த மலையடிவாரத்து முதலமடைக்கு மேலே பனிச்சரிவு கிடையாது என்பது என் குற்றமல்ல.

பங்குனியில் பரீட்சைத் தாள்களைத் திருத்தி முடித்த கையோடு அத்திம்பேரைக் கிளப்பினேன். ஒரு ராத்திரி ரிசர்வ் காட்டில் கூடாரம், மறுநாள் சாயங்கால ரயிலில் வீடு. அக்கா மறித்தாள்.

"அதுக்கு அடுத்த நாள் மாமனார் திவசம்டா. தெரியுமோன்னோ?"

"நான் பொறுப்பு."

"அதுதான் பயமாருக்கு."

அத்திம்பேரின் அப்பா போய் ஏழு வருஷமாகியிருந்தது. ஒரு வருஷம்கூடத் திவசம் முடங்கியதில்லை. ஜுரத்தோடு உட்கார்ந்து செய்திருக்கிறார். அப்படிப்பட்டவர் என்னை நம்பி ரயிலேறினார் என்றால் அந்த நீல மலையின்மேல் அவருக்கு எவ்வளவு ஆசை இருந்திருக்க வேண்டும் என்பது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

கூடாரம் பள்ளிக்கூடத்துச் சாரணர்களுடையது. திசைகாட்டி அடுத்த வீட்டு சர்வே ஓவர்சியரிடம் இரவல். குடை என் சொந்தம். எங்கள் தெருவில் குடையில்லாமல் படியிறங்குகிறவனைப் பைத்தியம் என்பார்கள். இடது முழங்கையில் குடை தொங்காவிட்டால் எனக்கு நடையே கோணலாகிவிடும்.

முதல் நாள் நன்றாகவே போயிற்று. காட்டிலாகா வாட்சர் ஒருவர் துணைக்கு வந்தார். கொன்றை பூத்துக் கிடந்தது. ஒரு பாறைக்கட்டில் கூடாரம் அடித்து, மூன்று கல் வைத்து உப்புமா கிண்டினோம். அந்தி சாயும்போது கோடைமழை பிடித்துக்கொண்டது. விடிந்தபோது மூடுபனி. கொன்றையும் இல்லை, மலையும் இல்லை, பத்தடிக்கு அப்பால் உலகமே இல்லை.

"ஏனுங்க சாமி, ஓடையில தண்ணி ஏறியிருக்குமுங்க. தாண்டலாமான்னு பாத்துட்டு வந்தர்றனுங்க. நானு வர்ற வரைக்கும் இந்த எடத்த உட்டு அசையக் கூடாதுங்க" என்று சொல்லி வாட்சர் பனிக்குள் போனார்.

ஒரு மணி நேரமாயிற்று. ஆளைக் காணோம். அத்திம்பேர் உட்காரவும் மாட்டார், நிற்கவும் மாட்டார்.

"வண்டி போயிட்டா என்னடா பண்றது? அப்பாவுக்கு வருஷத்துல ஒரு நாளாக்கும்."

திசைகாட்டியை எடுத்தேன். முதலமடை ஸ்டேஷன் வடக்கே. முள் வடக்கைக் காட்டுகிறது. இதற்கு வாட்சர் எதற்கு? கூடாரத்தைச் சுருட்டி முதுகில் கட்டிக்கொண்டேன். இடது உள்ளங்கையில் திசைகாட்டி, இடது முழங்கையில் குடை. நடந்தோம்.

வடக்கு இடது பக்கம் இருந்தது. திரும்பினேன். கொஞ்ச தூரம் போய்ப் பார்த்தால் மறுபடி இடது பக்கம். பாதை நம்மை ஏமாற்றுகிறது என்று பாதையை விட்டுப் புல்லில் இறங்கினேன். அங்கேயும் அப்படியே. எத்தனை தடவை திரும்பினாலும் வடக்கு பிடிகொடுக்காமல் இடது தோளுக்கு நேரே நழுவிப் போய் நின்றது.

"என்னடா, இடது கைப் பக்கமே திரும்பறே?"

"முள் பொய் சொல்லாது அத்திம்பேர்."

கடைசியில் பனிக்குள் ஒரு பாறைக்கட்டு தெரிந்தது. மூன்று கல், கரி, மூங்கில் கிளையில் ஒரு துண்டு.

"ஆள் நடமாட்டம் இருக்கு! பாருங்கோ, நம்மளை மாதிரியே யாரோ சமைச்சிருக்கா" என்றேன்.

அத்திம்பேர் துண்டை எடுத்தார். ஓரத்தில் கற்பூரம் பட்டுக் கருகிய ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"இது என் துண்டுடா. கார்த்தால உணக்கப் போட்டு மறந்துட்டேன்."

எனக்குப் புரியவில்லை. இவர் துண்டு எப்படி இங்கே வந்தது என்றுதான் முதலில் யோசித்தேன். அத்திம்பேர் என் முழங்கையிலிருந்த குடையைப் பிடுங்கிப் பாறைமேல் எறிந்துவிட்டு, கல்லின் மேல் உட்கார்ந்தார். முள் துள்ளிச் சுழன்று வேறு பக்கம் போய் நின்றது. குடையை எடுத்துக் கிட்டே கொண்டுபோனேன். பசுவின் பின்னால் கன்று போல முள் குடையின் பின்னால் வந்தது. வலது பக்கம் வைத்தேன். வடக்கும் வலது பக்கம் வந்தது. குடைக்கம்பி இரும்பு என்று என் புத்தகங்கள் எதிலும் போட்டிருக்கவில்லை.

அத்திம்பேர் என்னைத் திட்டவில்லை. துண்டை மடியில் வைத்துக்கொண்டு, "அப்பா காத்திண்டிருப்பார்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம்.

அப்போது பனிக்குள்ளிருந்து வாட்சர் வந்தார்.

"இடுப்பளவு தண்ணிங்க. வடியட்டும்னு ஒக்காந்திருந்தனுங்க. இப்பத் தாண்டலாமுங்க." எங்களைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். "டவுனாளுக சொன்ன பேச்சுக் கேக்க மாட்டாங்க. நீங்க அப்புடியே இருந்தீங்களே, நல்லதுங்க. கூடாரமும் சுருட்டி ரெடியா வெச்சுட்டீங்க!"

நாங்கள் மறுக்கவில்லை. சாயங்கால வண்டி கிடைத்தது.

மறுநாள் திவசம் முறையாக நடந்தது. வீட்டுக் கூடத்தில் வாத்தியார், "தெற்கே பாத்து உக்காருங்கோ" என்றார். பிறந்து வளர்ந்த வீட்டிலேயே எது தெற்கென்று அத்திம்பேர் ஒரு நிமிஷம் தடுமாறினார். உதவலாமென்று நான் கையைத் தூக்கினேன்.

"வாத்தியாரே, நீங்களே கை காட்டுங்கோ" என்றார் அத்திம்பேர், என் பக்கம் திரும்பாமலே. "அவன் காட்டினா அப்பா கோயமுத்தூர்ல போய் நிப்பார்."