கால்வாய்க்கு அந்தப் பக்கம் நெல்

மணலியைத் தாண்டி எண்ணூர் கழிமுகத்துக்குப் போகும் வழியில் ஒரு கால்வாய். அதற்கு இந்தப் பக்கம் நாங்கள் எருமை வைத்திருந்தோம். அந்தப் பக்கம் இருந்தவர்கள் நெல்லும் கீரையும் போட்டார்கள். எங்கள் சாணி அவர்கள் நிலத்துக்குப் போகும். அவர்கள் வைக்கோல் எங்கள் கொட்டகைக்கு வரும். அப்பா காலத்தில் அறுப்பு முடிந்ததும் அவர்களே வந்து, "மாட்ட வுடுங்கப்பா" என்று கூப்பிடுவார்களாம். எருமைகள் ஒரு மாதம் அறுத்த நெல்லின் தாளை மேய்ந்துகொண்டு அங்கேயே கிடக்குமாம்.

எனக்கு விவரம் தெரிந்தபோது அது நின்றுவிட்டது. எங்கள் மேய்ச்சல் தரையில் லாரி நிறுத்த ஒரு துண்டு போனது, குழாய் போட ஒரு துண்டு போனது. மிச்சம் இருந்த புல்லில் அனல் மின் நிலையத்துச் சாம்பல் படிந்தது. எருமை அதை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். அந்தப் பக்கத்திலும் கிணறுகள் உப்பாகி, பாதி நிலம் தரிசானது. அதன் பிறகு எதற்கெடுத்தாலும் அடிதடிதான். எங்கள் கன்று ஒன்றின் வாலை அறுத்து வேலியில் மாட்டிவிட்டுப் போனார்கள். எங்கள் ஆட்கள் போய் அவர்களுடைய தண்ணீர் மோட்டாரைக் கல்லால் நொறுக்கினார்கள். கோயில் திருவிழாவில் ஒருவனுக்கு மூன்று பல் போனது.

இவ்வளவுக்கும் நடுவில் ஒரே ஒரு வழக்கத்தை மட்டும் இரண்டு பக்கமும் மீறவில்லை. மதியத்தில் எருமை தண்ணீரில் கிடந்தாக வேண்டும். குட்டை அந்தப் பக்கம் இருந்தது, அதற்குப் போக அவர்கள் வரப்புதான் வழி. கால்வாய் மதகின் மேல் ஏறியதும் ஓட்டுகிறவன் "மாடு வருதூ" என்று குரல் கொடுக்க வேண்டும். வயலில் இருப்பவர்கள் வேலையை விட்டுவிட்டுக் குச்சியோடு பயிர் ஓரமாக வந்து நிற்பார்கள். எருமைகள் ஒழுங்காகப் போய்விடும். குரல் கேட்டும் அவர்கள் வராமல் பயிர் போனால் அது அவர்கள் பாடு. குரல் கொடுக்காமல் ஓட்டினால், மாட்டை அவர்கள் என்ன செய்தாலும் நாங்கள் கேட்கக் கூடாது.

எனக்குக் கூவ வராது. நாலு பேர் எதிரில் பேசவே கூசும். களை எடுக்கும் பெண்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

"இன்னா மாமு, கூவறியா, கொட்டாவி வுடறியா?"

"வுடுடி. அது எருமகிட்ட ரகசியம் பேசிகினு கீது."

"பொண்ணு பாக்கப் போன எடத்துல எருமயத்தான் பேச வுட்டுச்சாம்!"

முப்பத்தைந்து வயதில், பதினோரு எருமைக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு நடப்பேன்.

அன்றைக்கு மதகில் ஏறும்போதே அவர்கள் சிரிப்பது கேட்டது. எல்லோரும் கீரைப் பாத்தியில் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். பார்ப்பதற்குள் கடந்துவிடலாம் என்று நினைத்தேன். நான் கூவவில்லை.

பாதி வரப்பில் ரோட்டில் போன டேங்கர் ஹார்ன் அடித்தது. முன்னால் போன சினை எருமை மிரண்டு பயிரில் இறங்கியது. மற்றவையும் அதன் பின்னால் இறங்கின. நெல் பால் பிடித்திருந்த சமயம். நிலத்துக்காரர் அரிவாளோடு ஓடி வந்தார். "கூவினியாடா? கூவினியா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். நான் எருமைகளை வரப்புக்குத் திருப்பப் பார்த்தேன். அவர் என்னைத் தொடவில்லை. குனிந்து, சினை எருமையின் பின்னங்கால் நரம்பை ஒரே வீச்சில் அறுத்தார். அது அப்படியே உட்கார்ந்துவிட்டது. எழப் பார்த்தது, மறுபடி சரிந்தது. அது கத்திய கத்தலில் கொட்டகையில் இருந்த அண்ணன் ஓடி வந்தார்.

என் சட்டையைப் பிடித்தார். "குரல் குட்த்தியாடா?"

"குட்த்தேண்ணா."

"கேட்டுகினும் வெட்னானா?"

தலையாட்டினேன்.

கூவவில்லை என்று சொல்லியிருந்தால் அண்ணன் என்னை இரண்டு அறை அறைந்துவிட்டு எருமையைப் பார்க்கப் போயிருப்பார். குரல் கேட்டும் வெட்டினால் அது பகை. கொட்டகைக்குப் போய்க் கடப்பாரையை எடுத்து வந்தார். நிலத்துக்காரர் மிதிபட்ட நெல்லுக்கு நடுவில் அப்படியே நின்றிருந்தார். முதல் அடி அவர் முழங்கையில் விழுந்தது. எலும்பு முறிந்தது எனக்குக் கேட்டது. அடுத்தது தோளில். அவர் மனைவி சேற்றை வாரி அண்ணன் முகத்தில் அடித்தாள். அண்ணன் அவளைத் தள்ளிவிட்டார்.

கீழே கிடந்தபடியே நிலத்துக்காரர், "உந்தம்பியக் கேளுய்யா, அவன் கூவவேல்ல" என்றார்.

"எந்தம்பி பொய் சொல்ல மாட்டான்டா!" அண்ணன் கடப்பாரையைத் தலைக்கு மேல் தூக்கினார்.

"நான் கூவல" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. எப்படி வந்ததோ தெரியவில்லை, வயிற்றிலிருந்து கத்தினேன். "நான் கூவலண்ணா! பொய் சொன்னேன்!"

அண்ணன் திரும்பினார். கடப்பாரை என் வலது முட்டியில் இறங்கியது. விழுந்த பிறகும் உதைத்தார், அழுதுகொண்டே உதைத்தார். என்னைக் கிண்டல் செய்த பெண்கள்தான் "யோவ், செத்துருவான்யா!" என்று அவரைக் கட்டிப் பிடித்து இழுத்தார்கள்.

எருமையை அன்று மாலையே அறுக்கக் கொடுத்துவிட்டார்களாம். வயிற்றில் முழு வளர்ச்சியில் கன்று இருந்ததாகக் கேள்விப்பட்டேன்.

ஆஸ்பத்திரியில் நான் படுத்திருந்த இடத்திலிருந்து மூன்று கட்டில் தள்ளி நிலத்துக்காரர் கிடந்தார். அண்ணனைப் பிடித்துக்கொண்டு போன போலீஸ்காரர் வாக்குமூலம் எழுதிக்கொள்ள வந்தபோது அண்ணி என் கையை அழுத்தினாள். "எரும முட்டிச்சின்னு சொல்லு. உன் காலும், அவரு கையும். அவுரு பேச்ச மட்டும் வெச்சி ஒண்ணும் பண்ண மாட்டாங்க. உங்கண்ணன் வூட்டுக்கு வரணும்யா."

நிலத்துக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன். கூவாததைச் சொன்னேன், பொய் சொன்னதைச் சொன்னேன், அண்ணன் அடித்ததையும் சொன்னேன். அண்ணி என் கையை உதறிவிட்டு வெளியே போனாள். நிலத்துக்காரர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் கை பிறகு நேராகவே இல்லை. அதில் என் பங்கு எவ்வளவு என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அண்ணன் ஜெயிலுக்குப் போனார். அண்ணி எருமைகளை விற்றுவிட்டுப் பிள்ளைகளோடு திருவொற்றியூருக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அண்ணன் வெளியே வந்த அன்று ஜெயில் வாசலில் போய் நின்றேன். இளைத்திருந்தார். "அண்ணா" என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, முட்டியைப் பார்த்தார்.

"நடக்க முடியுதா?"

"முடியுதுண்ணா."

"அப்ப நடந்தே போ" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிக்கொண்டார்.