இடது ஓரத்துத் தங்கமாரி

"ஓடிபி சொல்லுங்க அண்ணாச்சி" என்று கேட்டுவிட்டு, நான் கைப்பேசியைத் தேடி எடுப்பதற்குள் தங்கமாரி என் வாசலில் கிடந்த செருப்புகளை ஜோடி சேர்த்துவிட்டாள். குனியவில்லை. இடது காலால் ஒன்றை லேசாகத் தட்டினாள். அது சுழன்றுபோய் இன்னொன்றின் பக்கத்தில் ஒழுங்காக நின்றது. எதிர்வீட்டு வாசலில் ஒரு தேங்காய்ச் சிரட்டை கிடந்தது. பொட்டலத்தை நீட்டிக்கொண்டே அதையும் ஒரு தட்டு தட்டி, சாக்கடைக்கு அந்தப் பக்கம் அனுப்பினாள். நான் எண்ணைச் சொன்னேன். "வாரேன் அண்ணாச்சி" என்ற சத்தம் கேட்டு நிமிர்ந்தபோது அவளுடைய வண்டி தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது.

தங்கமாரிக்கு வயது பத்தொன்பது. இணையத்தில் ஊரார் வாங்கிக் குவிக்கும் சாமான்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது வேலை. ஸ்கூட்டியின் முன்பக்கம் அவளைவிடப் பெரிய பை ஒன்று உட்கார்ந்திருக்கும். அதற்கு மேல் அவளுடைய கண்கள் மட்டும் தெரியும். பொட்டலங்களில் மாட்டி வரும் ரப்பர் வளையங்கள்தான் அவளுடைய தலைமுடிக்கும். முழங்காலில் எப்போதும் ஒரு புதுக் காயம் இருக்கும். அதற்குப் பக்கத்தில் ஆறிக்கொண்டிருக்கும் பழைய காயம். மாடி வீடு என்றால் அவளுக்கு உற்சாகம். "நீங்க இறங்காதீங்க, நான் ஏறுதேன்" என்று இரண்டிரண்டு படிகளாகத் தாவுவாள். எங்கள் தெரு நாய்கள் எல்லா வண்டிகளையும் துரத்தும். தங்கமாரியைச் சில நாள் துரத்திப் பார்த்துவிட்டு, பிரயோசனம் இல்லை என்று விட்டுவிட்டன.

கோவில்பட்டியில் ஒரு பிள்ளை கொஞ்சம் வேகமாக ஓடினால் கையில் ஹாக்கி மட்டையைக் கொடுத்துவிடுவார்கள். தங்கமாரிக்கும் கொடுத்தார்கள். புதூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இங்கே படிக்க வந்த புதிதில், இரண்டு வருஷம் மட்டையும் கையுமாகத் திரிந்தாள். ஹாக்கியில் பந்து காலில் படக்கூடாது. இவளுக்கோ பந்தைக் கண்டால் கைக்கு முன்னால் கால் போய்விடும். ஒவ்வொரு தடவையும் விசில். "ஏட்டி, உனக்கு இந்த மட்டை எதுக்கு? வீட்டுல வெறகுக்கு வச்சுக்கோ" என்று கடைசியில் ஹாக்கிப் பயிற்சியாளர் அனுப்பி வைத்ததை அவளே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். "அன்னைக்கே கற்பகம் அக்காகிட்ட போய்ட்டேன். இங்கன கைதான் படக்கூடாது. எனக்கு அது ஒரு கஷ்டமே இல்லைலா!"

கற்பகம் அக்கா என்பவர் பெண்கள் கால்பந்து அணியின் பயிற்சியாளர். தனியார் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியை. முப்பதைத் தொடாத வயது; அதிகம் பேசாத குணம். ஹாக்கிக்காரர்கள் கிளம்பிய பிறகு கிடைக்கும் மைதானத்தில், வெளிச்சம் இருக்கிற மட்டும் பெண்களை ஓடவிடுவார். மாலை நடைக்குப் போகும் நான் ஓரமாக நின்று பார்ப்பது வழக்கமாகிப் போனது.

இடது ஓரத்தில் தங்கமாரி பந்தோடு கிளம்புவதைப் பார்க்க வேண்டும். பந்து அவள் காலைவிட்டு ஒரு சாண் முன்னால் ஓடும். எதிரே வருகிறவள் அதை எடுத்துவிடலாம் என்று நினைத்துக் காலை நீட்டுவாள். அந்தக் கணத்தில் பந்தும் இருக்காது, தங்கமாரியும் இருக்க மாட்டாள். நடைக்கு வந்தவர்கள் நின்று கைதட்டுவார்கள். அதில் ஒருவராவது அவளிடம் குக்கரோ மிக்சியோ வாங்கியவராக இருப்பார்.

ஆனாலும் அவள் இரண்டாம் அணியில்தான் இருந்தாள். முதல் அணியின் இடது ஓரம் காளீஸ்வரிக்கு உரியது. போலீஸ் கான்ஸ்டபிள், இருபத்தேழு வயது. தங்கமாரியின் வேகத்தில் பாதிகூட அவளுக்குக் கிடையாது. கற்பகத்திடம் ஒருநாள் நான் இதைக் கேட்டேவிட்டேன்.

"முன்னால யாரு வேணாலும் போவா அண்ணாச்சி" என்றார். "பந்து பறிபோன பொறவு என்ன செய்யுதான்னுதான் நான் பாக்கேன். இப்ப பாருங்க."

பார்த்தேன். தங்கமாரியின் காலிலிருந்து ஒருத்தி பந்தைப் பறித்துக்கொண்டு ஓடினாள். மற்ற பெண்கள் எல்லோரும் பின்னால் திரும்பி ஓட, தங்கமாரி மட்டும் இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தபடி அங்கேயே நின்றாள். கற்பகம் கத்தினார். "ஏட்டி, ஏன் நிக்க?"

"அடுத்த பந்து இங்கனதானக்கா வரும்? நானும் பின்னால வந்துட்டேன்னா இங்கன யாரு இருப்பா?"

கற்பகம் என்னைப் பார்த்தார். நான் நடையைத் தொடர்ந்தேன்.

ஊருக்கு இந்த நியாயமெல்லாம் தெரியாது. மருந்துக்கடையில், ஜவுளிக்கடையில், தீப்பெட்டி ஆபீசில், பொட்டலம் வாங்குகிற எல்லோரும் கேட்பார்கள். "என்ன தங்கமாரி, பெரிய டீம்ல எடுத்துட்டாகளா?" அவளிடம் ஒரே பதில்தான் உண்டு. "இன்னும் வேகலையாம் அண்ணாச்சி. அடுப்புலதான் இருக்கேன்." வருத்தம் இருந்ததா என்று சொல்ல முடியாது. அவளோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் விஜி, முதல் அணியில் கோல் அடிக்கிறவள், எனக்கு ஒருமுறை சொன்னாள்: "ஆட்டத்துக்கு முந்தின நாள் என் பூட்ஸை இவதான் தொடைச்சு வைப்பா. தொடைச்சுட்டு, தன்னோடதையும் தொடைச்சுப் பக்கத்துல வைப்பா. யாரும் கேக்க மாட்டோம்."

ஐப்பசியில் மாவட்டப் போட்டியின் அரையிறுதி ஓட்டப்பிடாரத்தில் வந்தது. இறுதிக்குப் போகிற இரண்டு அணிகளுக்கும் திருச்சியில் மாநிலப் போட்டி. அதற்கு முந்தைய நாள் மத்தியானம் காளீஸ்வரிக்கு விடுப்பு ரத்தாயிற்று. எங்கோ ஒரு விழாவுக்குப் பந்தோபஸ்து. தங்கமாரி எனக்கு ஒரு புத்தகப் பொட்டலத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் கற்பகத்தின் அழைப்பு வந்தது. கேட்டாள். "சரிக்கா" என்றாள். பிறகு என்னிடம் கையெழுத்து வாங்கினாள், ஓடிபியும் வாங்கினாள், பொட்டலத்தைக் கொடுக்காமல் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். பத்து நிமிஷத்தில் மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். "யார்கிட்டயும் சொல்லிராதீங்க அண்ணாச்சி!" பொட்டலத்தையா, ஆட்டத்தையா என்று நான் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் மழை கொட்டியது.

கரிசல் மண் காய்ந்திருந்தால் கல், நனைந்தால் பிசின். மறுநாள் நானும் அணியோடு வேனில் போய் இறங்கியபோது மைதானத்தின் நடுப்பகுதி ஒருவாறு வடிந்திருந்தது. ஓரங்கள் இரண்டும் உழுது தண்ணீர் பாய்ச்சியது மாதிரி கிடந்தன. தங்கமாரி இடது ஓரத்தில் ஒரு எட்டு வைத்தாள். தூக்கிய காலோடு அரைக் கிலோ மண் வந்தது. உதறினாள், போகவில்லை. அங்கே ஓடவே முடியாது. அவளுக்கென்று இருந்தது அந்த ஓட்டம் ஒன்றுதான்.

அவளுடைய அப்பா சங்கரபாண்டி, புதூரிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருந்தார். மஞ்சள் பை நிறைய வெள்ளரிப்பிஞ்சு. என் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு ஒன்றைக் கொடுத்தார். "உளுந்துக்கு நல்ல மழை" என்றார் முதலில். பிறகு கேட்டார்: "மொத டீம், ரெண்டாவது டீமுங்குதாகளே, எப்படிக் கண்டுபிடிக்க? எல்லாம் ஒரே கலர் சட்டையதான போட்டிருக்கு?"

எதிரணி கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்தது. தங்கமாரியைத் தடுக்க நின்றவள் பெயர் பொன்மணி. அகன்ற தோள், நிதானமான நடை. தங்கமாரி முதல் பந்தோடு கிளம்பினாள். பந்து சகதியில் நின்றுவிட்டது. அவள் மட்டும் அதைத் தாண்டிப் போனாள். பொன்மணி நடந்தே வந்து பந்தை எடுத்துக்கொண்டாள். இரண்டாம் முறை தங்கமாரி சுதாரித்து, பந்தைச் சற்றே தூக்கிவிட்டுத் தாவினாள். இந்தத் தடவை எப்படிப் பறிபோனது என்று எனக்கே தெரியவில்லை. பொன்மணி இடித்ததாகவும் தெரியவில்லை, இழுத்ததாகவும் தெரியவில்லை. பந்து அவளிடம் இருந்தது, தங்கமாரி மண்ணில் இருந்தாள்.

எழுந்து, வழக்கம்போல இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

பொன்மணி நிற்கவில்லை. காலியாகக் கிடந்த அந்த ஓரத்தின் வழியே பந்தைத் தள்ளிக்கொண்டு போனாள், கோலுக்கு முன்னால் தூக்கிப் போட்டாள், அவர்களில் ஒருத்தி தலையால் முட்டினாள். கோல். எங்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது: "அந்தச் சின்னப் பிள்ளைய வெளிய எடுங்க!" சங்கரபாண்டி வெள்ளரிப்பிஞ்சைக் கடிப்பதை நிறுத்திவிட்டார்.

இடைவேளையில் கற்பகம் யாரையும் திட்டவில்லை. மாற்று ஆட்டக்காரி வேலுத்தாயிடம், "உடம்பைச் சூடு பண்ணிக்கோ" என்று மட்டும் சொன்னார். அவள் ஓரமாக ஓடத் தொடங்கினாள். தங்கமாரி ஒரு குச்சியால் பூட்ஸிலிருந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். சிரிப்பில்லாத அவளுடைய முகத்தை அன்றுதான் நான் பார்த்தேன். வேறு யாரோ போலிருந்தாள்.

"அக்கா, அந்தக் கோல் என்னாலதான்."

"ஆமா."

"என்னைய எடுக்கப் போறீங்களா?"

"அப்படித்தான் நெனைச்சிருக்கேன்."

குச்சியைத் தூரப் போட்டாள். "எடுக்காதீங்கக்கா. இந்தச் சகதியில நான் முன்னால போயி இன்னைக்கு ஒண்ணும் ஆகாது, அது தெரிஞ்சுபோச்சு. எனக்குப் பந்தே தர வேண்டாம்னு இவளுககிட்டச் சொல்லுங்க. அந்த அக்கா எங்க போனாலும் நான் கூடவே போறேன். அவியளைக் கோல் பக்கம் விட மாட்டேன்."

கற்பகம் வேலுத்தாயைப் பார்த்து, உட்கார் என்று கையைக் காட்டினார்.

பிற்பாதியில் நடந்ததை ஆட்டம் என்பதா, மல்லுக்கட்டு என்பதா! பொன்மணி பந்தோடு கிளம்பும்போதெல்லாம் அவள் தோளோடு தோளாகத் தங்கமாரி இருந்தாள். விழுந்தாள், எழுந்தாள், பிந்தினாள், மறுபடி வந்து சேர்ந்தாள். மூன்று தடவை பந்தை மைதானத்துக்கு வெளியே இருந்த சீமைக்கருவேலப் புதருக்குள் உதைத்துத் தள்ளினாள். சங்கரபாண்டிக்கு அதுதான் கோல் என்று தோன்றியிருக்க வேண்டும். மூன்று தடவையும் எழுந்து நின்று கைதட்டினார். நான் திருத்தவில்லை.

ஒருமுறை எங்கள் கோலுக்குப் பக்கத்திலேயே பொன்மணியின் காலிலிருந்து பந்து நழுவியது. தங்கமாரி எடுத்தாள். எங்கள் வழக்கமான தங்கமாரியாக இருந்தால் அங்கிருந்தே கிளம்பியிருப்பாள். இவள் தலையை நிமிர்த்திப் பார்த்தாள். நடுவில், மண் காய்ந்திருந்த இடத்தில் விஜி தனியாக நின்றாள். ஒரே உதை. விஜி ஓடினாள், அடித்தாள். பந்து கோல் கோட்டுக்கு முன்னால் ஒரு குட்டையில் போய்ச் சிக்கி நின்றது. எதிரணி கோல்கீப்பரும் விஜியும் ஒரே நேரத்தில் வழுக்கி விழுந்தார்கள். விழுந்த வேகத்தில் விஜியின் முழங்கால் பட்டுப் பந்து உள்ளே போயிற்று. அழகான கோல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நாங்கள் சொன்னோம்.

இரண்டாவது கோல் ஒரு கார்னரிலிருந்து வந்தது. அதுவும் விஜிதான், தலையால். ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம் இருந்தது. வெற்றி கைக்கு வந்துவிட்ட தைரியத்தில் தங்கமாரிக்குப் பழைய ஆசை எட்டிப் பார்த்தது போலிருக்கிறது. பந்தோடு கிளம்பினாள். பொன்மணி பறித்தாள். எங்கள் பெண்கள் எல்லோரும் முன்னால் நின்றார்கள். பின்னால் கோல்கீப்பர் மட்டும்தான்.

"போச்சு" என்றேன் நான்.

தங்கமாரி அப்போதே திரும்பியிருந்தாள். இரண்டு பூட்ஸிலும் செங்கல் கட்டியது மாதிரி மண். அதைத் தூக்கித் தூக்கி வைத்து அவள் ஓடியதைப் பார்த்தால், அவளுடைய ஓட்டத்துக்குக் கைதட்டிய யாரும் அது அவள்தான் என்று நம்ப மாட்டார்கள். அத்தனை கோணல், அத்தனை பாரம். கோலுக்குப் பத்தடி இருக்கையில் எட்டிவிட்டாள். பொன்மணி அடிக்கக் காலை ஓங்க, தங்கமாரி படுத்தவாக்கில் சறுக்கிப் போய்ப் பந்தை வெளியே தட்டினாள். கொஞ்ச நேரத்தில் விசில் ஊதிவிட்டார்கள். இரண்டுக்கு ஒன்று.

சங்கரபாண்டி மஞ்சள் பையை அணிப் பெண்களிடம் கொடுத்தார். அது ஒரு நிமிஷத்தில் காலியாயிற்று. "ஒங்க மகதான் ஆட்டத்தைக் காப்பாத்தினா" என்று விஜி சொன்னதும், "அப்ப அது மொத டீமா, ரெண்டாவது டீமா?" என்று கேட்டார். எல்லோரும் கற்பகத்தைப் பார்த்தார்கள். எனக்கும் அதுதான் தெரிய வேண்டியிருந்தது.

"திருச்சி ஆட்டத்துக்குக் காளீஸ்வரி வந்துருவா" என்றார் கற்பகம். "அப்பப் பாப்போம். அண்ணாச்சி, வேன்ல ஏறுங்க. நேரமாச்சு." சொல்லும்போது அவர் முகத்தில் லேசாக ஏதோ இருந்தது. குனிந்து பந்துகளைப் பைக்குள் போட ஆரம்பித்துவிட்டதால் சரியாகப் பார்க்க முடியவில்லை. ஒரு பந்து குறைந்தது. தங்கமாரியையும் காணோம்.

டிரைவர் ஹாரன் அடித்தார். விஜி கத்தினாள். மைதானத்தின் மறுகோடியில், எதிரணி வேன் பக்கம் போய்க்கொண்டிருந்த பொன்மணியின் வழியை மறித்து நின்றாள் தங்கமாரி. உச்சந்தலையிலிருந்து பாதம் வரை கரிசல் அப்பியிருந்தது. பொன்மணி பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தாள்.

"அக்கா, ரெண்டாவது தடவை எங்கிட்ட இருந்து எடுத்தீங்கள்லா, அது எந்தக் காலு? எனக்குத் தெரியவே இல்ல. ஒரே ஒரு தடவை காட்டுங்கக்கா."

பொன்மணி தன் வேனைப் பார்த்தாள், எங்கள் வேனைப் பார்த்தாள். சிரித்துக்கொண்டே பூட்ஸைக் கீழே போட்டுவிட்டு, வெறுங்காலோடு சகதியில் இறங்கினாள். தங்கமாரி பந்தை இடது காலடியில் வைத்து, முழங்காலை மடக்கித் தயாராக நின்றுகொண்டு, வாங்க வாங்க என்று இரண்டு கைகளாலும் அவளை அழைத்தாள்.