அறுபத்து நான்கு கதிரைகளின் சாட்சி

எட்மண்டுக்குச் சொல்லிக்கொள்ளும்படியாக ஒரு கஷ்டமும் வந்ததில்லை. அதுதான் அவனுடைய பெரிய கஷ்டம்.

கொட்டாஞ்சேனையில் ஓர் இரும்புக் கடையின் மேல்மாடியில் இருந்தது அவனுடைய சபை. ஞாயிறு ஆராதனையில் பாட்டு முடிந்ததும் சாட்சி நேரம். கர்த்தர் தமக்குச் செய்த நன்மையை ஒவ்வொருவராக எழும்பிச் சொல்வார்கள். லோகேஸ்வரன் அண்ணர் ஓடுகிற பஸ்ஸிலிருந்து விழுந்தும் காற்சட்டைகூடக் கிழியாமல் எழும்பியவர். கௌரி அக்கா, டாக்டர்மார் கைவிரித்த நெஞ்சு வருத்தத்திலிருந்து பிழைத்து வந்தவர். பின்சுவரோடு நிற்கும் எட்மண்ட் எல்லாருக்கும் உரத்த குரலில் அல்லேலூயா சொல்வான். பதினொரு வருடமாக அவன் அங்கே வாய் திறந்தது அதற்கு மட்டும்தான்.

அவனுடைய ஊழியம் கதிரை. காலை ஐந்தரைக்கே போய் அறுபத்து நான்கு பிளாஸ்டிக் கதிரைகளையும் துடைத்து, நூல் பிடித்ததுபோல எட்டு வரிசை போடுவான். ஒவ்வொன்றின் முதுகிலும் இலக்கம் எழுதியிருந்தான். மற்ற நாட்களில் வெள்ளவத்தையில் ஒரு மாடிக் குடியிருப்பில் லிஃப்ட் பார்க்கும் வேலை. அந்த லிஃப்டும் ஒருநாள்கூட இடையில் நின்றதில்லை.

டிசம்பரில் பாஸ்டர் வரதராசா, வருடக் கடைசி நன்றி ஆராதனையின் பட்டியலைக் கதவில் ஒட்டினார். சாட்சி: எட்மண்ட்.

"பாஸ்டர், எனக்கு ஒண்டும் நடக்கேல்லையே!"

"இன்னும் ரெண்டு கிழமை கிடக்குத்தானே."

எட்மண்ட் ஆபத்தைத் தேடிப் புறப்பட்டான். கொட்டுகிற மழையில் குடையில்லாமல் கிராண்ட்பாஸ் பக்கம் நடந்தான். முன்பின் தெரியாத ஒரு முஸ்லிம் நானா, "நனஞ்சா காய்ச்சல் வரும் மகன், இங்கால வாங்க" என்று தன் குடைக்குள் இழுத்து, வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டார். மூன்று நாள் பழைய மீன்குழம்பைச் சாப்பிட்டான். பசிதான் கூடியது. லிஃப்டில் தனியே ஏறும்போதெல்லாம், "ஆண்டவரே, ஒரு அஞ்சு நிமிசம் நிப்பாட்டும், போதும்" என்று வேண்டினான். அது முன்னையைவிட வேகமாக ஓடியது.

அவனுடைய அக்கா மெற்றில்டா கண்டுபிடித்துவிட்டாள். "டேய், கர்த்தரைச் சோதிக்கிறியே?"

"இல்லையக்கா. எல்லாரும் நன்றி சொல்லேக்க நான் மட்டும் ஒண்டும் கிடைக்காதவன் மாதிரி நிக்கிறன்."

மெற்றில்டா மிச்ச மீன்குழம்பை எடுத்துக் கொட்டினாள்.

வருடக் கடைசி ஞாயிறு எட்மண்ட் மைக்கைப் பிடித்தான். பதினொரு வருடத்தில் அன்றுதான் ஆராதனை நேரத்தில் கதிரைகளை முன்பக்கமிருந்து பார்த்தான். எல்லாவற்றிலும் ஆட்கள் இருந்தார்கள்.

"முதலாம் கதிரை," என்றான். "ஒரு கால் ஆட்டம். ஆனா இந்த வருசம் உடையேல்லை. ஸ்தோத்திரம். ரெண்டாம் கதிரையும் உடையேல்லை. ஸ்தோத்திரம்."

யாரோ சிரித்தார்கள். பாஸ்டர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"பதினேழு, லோகேஸ்வரன் அண்ணர் இருக்கிறது. அவற்ற பாரத்துக்கும் உடையேல்லை. பஸ்ஸைவிட இது பெரிய அற்புதம்."

மேல்மாடி குலுங்கியது. லோகேஸ்வரன் அண்ணரும் சேர்ந்துதான் சிரித்தார்.

"இருபத்தாறு. கௌரி அக்கா ஆஸ்பத்திரியில கிடந்த ஆறு கிழமையும் வெறுமையா இருந்தது. நான் அதை எடுத்து அடுக்கேல்லை. ஒவ்வொரு ஞாயிறும் துடைச்சுப் போட்டனான். இண்டைக்கு அவ அதில இருக்கிறா. ஸ்தோத்திரம்."

சிரிப்பு நின்றது. கௌரி அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

முப்பதாவது கதிரையில் பாஸ்டர் கையை உயர்த்தினார். "தம்பி, நேரம்..."

"பொறுங்கோ பாஸ்டர்! எங்கட வரிசை இன்னும் வரேல்லை!" என்று பின்னாலிருந்து சத்தம் கிளம்பியது. ஆட்கள் எழும்பித் தங்கள் கதிரையின் முதுகைப் பார்த்து இலக்கத்தைப் பாடமாக்கினார்கள். கீழே சமைத்து வைத்த சோறு ஆறியது.

"நாப்பத்தொண்டு. கை வெடிச்சு நான் கம்பியால தைச்சது. இதில இருந்த மூண்டு பேருக்கு இந்த வருசம் வேலை கிடைச்சது."

அப்போது தொடங்கிய முணுமுணுப்பு அறுபத்து நான்காம் கதிரைவரை அடங்கவில்லை. கடைசி ஸ்தோத்திரம் சொல்லி முடிந்த கணமே, லோகேஸ்வரன் அண்ணர் வேலை தேடும் தன் மகனுக்காக நாற்பத்தொன்றின் ஒரு கையைப் பிடித்தார். தனஞ்சயன் மாஸ்டர் தன் மகளுக்காக மறு கையைப் பிடித்தார்.

"விடும் மாஸ்டர், நான்தான் முதல் பிடிச்சனான்!"

"உமக்குத்தான் பதினேழு இருக்கே! பேராசை பிடிச்ச மனுசன்!"

படார் என்றது. ஒருவர் ஒரு பக்கமும் மற்றவர் மறுபக்கமுமாக, ஆளுக்கொரு கையோடு தரையில் மல்லாந்தார்கள்.

எட்மண்ட் ஓடிப்போய் இருவரையும் தூக்கிவிட்டு, முழங்கை, முதுகு எல்லாம் தடவிப் பார்த்தான். ஒரு கீறல்கூட இல்லை. அவனுடைய முகம், சோதனை பாஸான பிள்ளையின் முகமாக மலர்ந்தது. கூட்டத்தில் நின்ற மெற்றில்டாவைப் பார்த்துக் கத்தினான்.

"அக்கா! உடைஞ்சிட்டுது! ஆனா ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லை!"

உடைந்த கதிரையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்னுக்கு வந்தான். "பாஸ்டர், இப்பதான் எனக்குச் சாட்சி கிடைச்சிருக்கு. மைக்கை ஒருக்காத் தாங்கோ."

பாஸ்டர் மைக்கை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"முதல்ல சாப்பிடுவம் தம்பி."