தூங்கும்போதா, குடிக்கும்போதா?

வானூர்ப் பக்கத்துக் கிராமங்களில் முப்பத்தொரு வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்தேன். ஊருக்குள் எனக்குப் பெயர் நர்சம்மா. புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. குல்லா

பிரசவமான வீடுகளில் நான் அதிகம் கேட்ட புகார் இதுதான்: "நர்சம்மா, புள்ள தூங்கசொல்ல தலையெல்லாம் தொப்பலா நனையுதுங்க."

சித்திரை வெயிலில் போய்ப் பார்த்தால், பிள்ளை புடவைத் தூளிக்குள் கம்பளிக் குல்லாவோடு கிடக்கும். காதில் காற்று புகுந்துவிடுமாம். ஃபேனையும் நிறுத்தி வைத்திருப்பார்கள். "நீங்க மட்டும் முந்தானையால விசிறிக்கினு உக்காந்திருக்கீங்க, புள்ள என்ன பாவம் பண்ணுச்சி?" என்று கேட்டுக்கொண்டே குல்லாவைக் கழற்றுவேன்.

பிறகு விளக்கம். கைக்குழந்தைக்கு வேர்வை தலையில்தான் அதிகம் வரும். உடம்புச் சூட்டைச் சரியாக வைத்துக்கொள்ள அதற்கு இன்னும் பழகவில்லை. அயர்ந்து தூங்கும்போது அசையாமல் ஒரே பக்கம் கிடப்பதால் இன்னும் நனையும். மெல்லிய பருத்திச் சட்டை போதும், காற்று வரட்டும், பயம் வேண்டாம். சொல்லிச் சொல்லி எனக்கு இது மனப்பாடமாகிவிட்டது. வினையும் அங்கேதான் வந்தது.

2. செல்வியின் ஜாக்கெட்

செல்விக்கு முதல் பிள்ளை. பெண் குழந்தை. நாற்பத்திரண்டாம் நாள் விசிட்டுக்குப் போனபோது அவளும், "பாப்பாவுக்கு ரொம்ப வேர்க்குது நர்சம்மா" என்று ஆரம்பித்தாள். நான் முழுதாகக் கேட்கவில்லை. பாடத்தை ஒப்பித்துவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

அடுத்த புதன்கிழமை தடுப்பூசிக்கு வந்தாள். எடை போட்டேன். ஏறவே இல்லை.

"பால் குடுக்கறியா, இல்ல போன் பாத்துக்கினு இருக்கியா?" என்று எல்லார் எதிரிலும் கடிந்துகொண்டேன். செல்வி கண் கலங்கிவிட்டாள்.

அவள் மாமியார் அஞ்சலை குறுக்கே வந்தார். "அவள திட்டாதீங்க நர்சம்மா. நாள் பூரா புள்ளய மடியில போட்டுக்கினுதான் கெடக்கறா. பால் குடுக்கசொல்ல ஜாக்கெட்டு நனைஞ்சி நனைஞ்சி, ஒரு நாளைக்கி நாலு தபா மாத்தறா."

பால் கசிகிறது போலிருக்கிறது என்று நினைத்துச் செல்வியைப் பார்த்தேன். மார்புப் பக்கம் காய்ந்திருந்தது. இடது கையில், பிள்ளை தலை வைக்கும் இடத்தில்தான் ஈரம்.

அந்த ஈரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கேட்டேன்: "பாப்பாவுக்கு எப்போ வேர்க்குது? தூங்கசொல்லயா, குடிக்கசொல்லயா?"

"குடிக்கசொல்லதான். அன்னிக்கே சொல்ல வந்தேன். ரெண்டு வாய் குடிக்கும், வுட்டுடும், மூச்சு வாங்கும்."

என் எதிரில் பால் கொடுக்கச் சொன்னேன். நெற்றியில் முத்து முத்தாக வேர்த்தது. விலா உள்ளே ஒட்டி ஒட்டி எழுந்தது. மூச்சை எண்ணினேன்; நிமிடத்துக்கு எழுபதைத் தாண்டியது. பால் குடிப்பதே அந்தப் பிஞ்சுக்கு மூட்டை தூக்குகிற வேலையாக இருந்திருக்கிறது.

ஆம்புலன்சுக்குப் போன் செய்து, விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு நானும் கூடவே போனேன். "திட்டினத மனசுல வச்சிக்காதம்மா" என்றேன். செல்விக்கு அது காதிலேயே விழவில்லை. "பாப்பா பொழச்சிக்குமா நர்சம்மா?" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இதயத்தில் ஓட்டை என்றார்கள். கொஞ்ச நாள் மருந்து, பிறகு சென்னையில் ஆபரேஷன்.

பெண்களே, பிள்ளைக்கு வேர்க்கிறது என்று ஒரு தாய் சொன்னால், எப்போது என்று கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கும் வரை வாயை மூடிக்கொண்டிருங்கள். தூங்கும்போது மட்டும் வேர்த்து, நன்றாகக் குடித்து எடையும் ஏறினால் குல்லாவைக் கழற்றினால் போதும். குடிக்கும்போது வேர்த்து, மூச்சும் வாங்கினால் அன்றைக்கே டாக்டரிடம் அனுப்புங்கள்.

ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய வாரம் செல்வி போன் செய்தாள். "நர்சம்மா, பாப்பா தலை மறுபடியும் வேர்த்துக்கினு இருக்கு."

"குடிக்கசொல்லயா?"

"இல்ல. வுடாம வயிறு முட்ட குடிச்சிச்சி. இப்போ தூங்குது."

"வேர்க்கட்டும்டி என் தங்கமே" என்றேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அந்தப் பக்கம் அவளும் அழுதுகொண்டிருந்தாள்.