கொட்டாமல் வைத்த வைன்

கிண்டி தொழிற்பேட்டையில் எசென்ஸ் தயாரிக்கும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் எனக்கு முகர்ந்து பார்க்கிற வேலை. ரோஜா, அன்னாசி, ஏலக்காய் என்று எது தயாரானாலும் காகிதப் பட்டையில் தொட்டு என் மூக்கருகே நீட்டுவார்கள். நான் சரி என்றால்தான் பாட்டிலில் அடைப்பார்கள்.

எங்கள் மேலாளர் புதுச்சேரிக்காரர். மனைவியை இழந்தவர், ஒரே மகளுடன் அடையாறில் குடியிருந்தார். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான வாரம் என்னைக் கூப்பிட்டார். "ஞாயித்துக்கிழமை மத்தியானம் வீட்டுக்காரரோட சாப்பிட வாங்கம்மா. உங்க மூக்கு எனக்கு வேணும்."

விஷயம் இதுதான். அந்தப் பெண் பிறந்த வருடம், பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து திரும்பிய அவருடைய அண்ணன் பிரான்சின் போர்தோ பக்கத்துச் சிவப்பு வைன் ஒரு பாட்டில் கொண்டுவந்திருந்தார். அதைப் புதுச்சேரி வீட்டில் வெயில் படாத உள்ளறையில் இருபது வருடம் படுக்க வைத்திருந்தார்கள். இங்கே சென்னையில் மதுவிலக்கு தளர்ந்திருந்த சமயம். கல்யாணம் நிச்சயமானதும் மேலாளர் அதை எடுத்து வந்துவிட்டார்.

நான் மயிலாப்பூரில் வளர்ந்தவள். அதுவரை ஒரு சொட்டு குடித்ததில்லை. என் கணவர் ஸ்கூட்டரில் வழியெல்லாம், "மோந்து பாத்துட்டு வெச்சுடு, போறும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

தக்கை பாதியில் உடைந்தது. மேலாளர் மீதியை நெம்பி எடுத்து, அடியில் தங்கிய மண்டி கலங்காமல் வைனைக் கண்ணாடிக் கூஜாவில் சாய்த்தார். செங்கல் நிறம், ஓரத்தில் பழுப்பு. முகர்ந்ததும் அவர் முகம் வாடிவிட்டது.

"கெட்டுப் போச்சும்மா. ஈரத்துணி நாத்தம். கொட்டிட வேண்டியதுதான்."

நான் வாங்கி முகர்ந்தேன். வெகுநாள் பூட்டியிருந்த அலமாரியைத் திறந்த வாடை. ஆனால் அடியில் வேறு ஏதோ இருந்தது.

"கொட்டிடாதேங்கோ சார். காடியாப் போயிருந்தா மூக்குல குத்தும், இது குத்தலை. கொஞ்சம் காத்தாடட்டும். நாம சாப்டுடலாம்."

சாப்பாட்டில் அவருக்கு மனமே இல்லை. கை தட்டில், கண் கூஜாவில். முக்கால் மணி கழித்து ஒரு தம்ளரில் ஊற்றி மறுபடி முகர்ந்தேன். அலமாரி வாடை போயே போய்விட்டது.

"என்ன வருது?"

"நாவல்பழம். அப்பறம் பென்சில் சீவின வாசனை. கொஞ்சம் புகையிலை. மழை பேஞ்ச தோட்டம்."

அவர் பிடுங்காத குறையாகத் தம்ளரை வாங்கிக்கொண்டார்.

எனக்கு முகர்ந்ததோடு நிறுத்த மனம் வரவில்லை. இன்னொரு தம்ளரில் ஊற்றி ஒரு வாய் குடித்தேன். மாதுளம்பிஞ்சைக் கடித்தது போல நாக்கு லேசாக வறண்டது. புளிப்பு மெல்ல வந்து பழச்சுவையில் கலந்தது. மறைக்காமல் சொன்னேன்: "நன்னா இருக்கு சார். ஆனா ருசி தொண்டையில நிக்கலை, சீக்கிரம் கரைஞ்சுடறது. இன்னும் நாலஞ்சு வருஷம் வெச்சிருந்தா ஒண்ணுமே மிஞ்சியிருக்காது."

"அப்போ என் பொண்ணு சரியான நேரத்துலதான் கல்யாணம் பண்ணிக்கிறா!" என்று சிரித்தார். அவளோ ஒரே வாயில் முகத்தைச் சுளித்து, "இதுக்கா இருபது வருஷம்?" என்றாள்.

என் கணவர் ஓசைப்படாமல் என் தம்ளரை எடுத்தார். "மோந்து பாக்கத்தான்" என்றார். கீழே வைத்தபோது அது காலி.

வாயில் வைன் வாசனையோடு வீட்டில் மாமியார் முன்னால் போய் நிற்க முடியாதே. பெசன்ட் நகர் கடற்கரையில் வேர்க்கடலை கொறித்துக்கொண்டு சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தோம். கல்யாணமான பிறகு அவ்வளவு நேரம் நாங்கள் இருவர் மட்டும் பேசியது அன்றுதான்.